வீடு பார்க்கும் படலம்

ஜனவரி 12, 2025

மாமனார் விட்டுப்போன வீட்டை என்ன செய்வது என்று ஒருவழியாகப் பேசி முடித்தாயிற்று. திருப்பூரிலிருந்து கொழுந்தனாரும் பாலக்காட்டிலிருந்து நாத்தனாரும் வந்திருந்தார்கள். மாமா உயில் எழுதி வைக்கவில்லை. அத்தையையும் சேர்த்து நாலு பங்கு. "நாலாப் பிரிச்சா ஆளுக்கொரு தூண்தான் வரும்" என்று கொழுந்தனார் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. விற்றுவிடுவது என்று முடிவு.

வாங்குகிறவர் திருச்சூர்க்காரர். வாசலில் நின்றபடியே ரோட்டு முகப்பு எத்தனை அடி என்று கேட்டார். வீடு வேண்டாமாம், இடம் மட்டும் போதுமாம். இடித்துச் சுத்தமாகக் கொடுத்தால் நல்லது என்றார். நான் காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். இவர் பிறந்த வீடு, நான் வாழ வந்த வீடு. இவரைவிட எனக்குத்தான் வலிக்கிறது என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

வைகாசிக்குள் நாங்கள் கிளம்ப வேண்டும்.

ஜனவரி 26

கேரள-தமிழ்நாடு எல்லையில் வேலந்தாவளம் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். மூன்று பெட்ரூம், கிரானைட் தரை, முன்னால் கார் நிறுத்த இடம். இவருக்குப் பிடித்துவிட்டது. அத்தை எதையும் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கக் குழாயடிக்குப் போய், கையோடு கொண்டுவந்திருந்த இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு அடுப்பில் எங்கள் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் அந்தத் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு துவரம்பருப்பு. குக்கர் கூடாதாம், திறந்த பாத்திரம்தான். நம் கிணற்றுப் பருப்பு மலர்ந்து குழைந்தபிறகும் அந்தப் பருப்பு விரலில் நசுங்காமல் நின்றது. பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம் வேறு. வீட்டுக்காரர் எண்ணூறு அடி போர் என்று பெருமையாகச் சொன்னது இதுதான். எங்கள் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகாவில் இந்தக் கிழக்கோரம் மழை குறைந்த பூமி. ஆழம் போகப்போக உப்பும் சுண்ணாம்பும் கூடுவது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

"பருப்பு வேகற தண்ணியா இருந்தாச் சொல்லு கண்ணு, மத்ததை அப்புறம் பாக்கலாம்" என்றார் அத்தை.

பிப்ரவரி 8

இன்று பார்த்தது வீடு இல்லை, மனை. சித்தூர்ப் பக்கம் வாய்க்கால் ஓரம், பன்னிரண்டு சென்ட். தென்னை வைத்து நாலைந்து வருஷம் இருக்கும், தரை கெட்டியாகக் கிடக்கிறது. விலையோ பக்கத்து மனையில் பாதி. பாதி விலை என்றாலே எனக்கு வயிற்றில் புளி கரைக்கும். கரம் (நிலவரி) அடைத்த ரசீதைக் காட்டச் சொன்னேன். அதில் 'நிலம்' என்றிருந்தது. அதாவது நெல்வயல். வீடு கட்ட வேண்டுமானால் 'புரயிடம்' என்று இருக்க வேண்டும்.

இங்கே கேரளத்தில் 2008-இல் நெல்வயல், நீர்த்தடப் (ஈரநிலப்) பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்தெந்த சர்வே நம்பர் வயல் என்று பஞ்சாயத்துவாரியாக டேட்டா பேங்க் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஏறிவிட்டால் மேலே தென்னை நின்றாலும் தேக்கு நின்றாலும் அது வயல்தான். தவறாக ஏறிவிட்டது என்றால் ஐந்தாம் நம்பர் ஃபாரத்தில் ஆர்டிஓவுக்கு (வருவாய்க் கோட்ட அதிகாரிக்கு) மனுப் போட்டு, விவசாய ஆபீஸான கிருஷி பவனிலிருந்து அறிக்கை வந்து, அப்புறம்தான் நீக்குவார்கள். "அதெல்லாம் பத்து நாள்ல மாத்திக்கலாங்க்கா" என்றார் புரோக்கர். அப்படியானால் மாற்றிவிட்டு முழு விலைக்கே கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன். அதற்கு மேல் பேச்சில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் நஞ்சை, புஞ்சை, பட்டா, சிட்டா என்று வேறு காகிதங்கள். மனு எழுதும் பாஷையும் வேறு. எங்கள் மாமா இந்தப் பக்கத்துக் காகிதம் எல்லாவற்றையும் மலையாளத்திலேயே எழுத்துக்கூட்டிப் படிப்பார். நான் அவரிடம் கற்றுக்கொண்டதில் உருப்படியானது அதுதான்.

பிப்ரவரி 23

கோபாலபுரம் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். நல்ல வீடு, நல்ல தண்ணீர். ஆனால் மகள் ஒரே பிடியாக மாட்டேன் என்கிறாள். இங்கே டிடிசி (ஆசிரியர் பயிற்சி) படிக்கிறாள். கேரள பிஎஸ்சி (அரசுப் பணித் தேர்வாணையம்) வழியாகத் தமிழ் மீடியம் பள்ளியில் வாத்தியார் வேலைக்குப் போவதுதான் அவள் கணக்கு. ரேஷன் கார்டு, அத்தையின் பென்ஷன் என எல்லாமே இந்தப் பக்கம்தான். 1956 நவம்பரில் மாநிலம் பிரித்தபோது எங்கள் ஊரை யாரும் கேட்டார்களா என்று தெரியாது என்பார் மாமா. எழுபது வருஷம் கழித்து என் மகளை நாங்கள் கேட்டோம். அவள் இந்தப் பக்கம் என்றாள். சரி.

மார்ச் 9

பழைய சாமான்காரர் வந்து ஓடு, கதவு, உத்தரம் எல்லாவற்றையும் விலை பேசினார். பழைய ஓட்டுக்கு இப்போது ஏக கிராக்கியாம். ரிசார்ட்காரர்கள் வாங்குகிறார்கள்.

கொல்லைப்பக்கச் சாய்ப்பிலிருந்து ஒரு ஓட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அடியில் பாசல் மிஷன் பெயரும், மங்களூரும், 1865 என்ற எண்ணும் அச்சாக இருந்தன. இந்த எண்ணைப் பார்த்துத்தான் வீட்டுக்கு நூற்றைம்பது வயசுக்கு மேல் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். கல்யாணத்துக்கு வந்த என் அப்பாவிடமும் சொன்னார்கள். சாமான்காரர் சிரித்துவிட்டார். அது மங்களூரில் ஓட்டுக் கம்பெனி தொடங்கிய வருஷமாம், பின்னால் வந்த ஓடுகளிலும் அதே எண்ணைத்தான் அடித்தார்களாம். இவருக்கு முகம் தொங்கிவிட்டது. அத்தை மட்டும், "எழுபது வருசமோ நூறு வருசமோ, ஒழுகுச்சா?" என்றார். ஒழுகவில்லை.

மார்ச் 30

கிடைத்துவிட்டது. கொழிஞ்சாம்பாறையிலேயே, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். எட்டு சென்ட், இரண்டு பெட்ரூம், மேலே மொட்டை மாடி. அழகு என்று சொல்ல முடியாது. முன்பக்கச் சுவருக்கு ஆரஞ்சு பெயிண்ட். ஆனால் திறந்த கிணறு, பருப்பு குழைந்தது, ரசீதில் புரயிடம். ஆதாரமும் (இங்கே கிரயப் பத்திரத்துக்கு அதுதான் பெயர்) முன் ஆதாரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன.

ஒரே குறை, கிழக்கில் இரண்டு பெரிய ஜன்னல். பாலக்காட்டுக் கணவாய் காற்றைப் பற்றித் தெரிந்தவர் இப்படிக் கட்ட மாட்டார். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் மலை இடைவெளி வழியாக வறண்ட காற்று வீசித் தள்ளும். உதடு வெடிக்கும், உலர்த்திய துணி அடுத்த தெருவுக்குப் போகும். எங்கள் பழைய வீட்டில் கிழக்குச் சுவரில் ஓர் ஓட்டைகூடக் கிடையாது. வந்த புதிதில் இதென்ன குருட்டுச் சுவர் என்று நினைத்தேன், முதல் தை மாசத்தில் புரிந்தது.

அட்வான்ஸ் கொடுத்தோம்.

ஏப்ரல் 14

விஷுவும் சித்திரை ஒன்றும். கணியும் வைத்தோம், வேப்பம்பூப் பச்சடியும் செய்தோம். வெள்ளரிக்காயும் கொன்றைப்பூவும் நாத்தனார் கொண்டு வந்தாள். யாரும் அழக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கொழுந்தனார்தான் அழுதார்.

மே 9

புது வீட்டுப் பதிவு முடிந்தது. முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. நூற்றுக்குப் பத்து அப்படியே போய்விடுகிறது. வீடு தேடுகிறவர்கள் இதை முதல்நாளே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் நகையைத் தேடாதீர்கள்.

மே 21

வைகாசி பிறந்து பால் காய்ச்சிக் குடிவந்தாயிற்று. முன்வாசல் கதவை விற்கவில்லை, எடுத்து வந்துவிட்டோம். ஆசாரி அளந்து பார்த்துவிட்டு, இந்த நிலைக்கு இரண்டு பக்கமும் மூன்று விரல் அறுக்கணும் என்றார். அத்தை விடவில்லை. "கதவை அறுக்காதீங்க, வேணும்னா செவுத்தை இடிங்க." புதுச் சுவரை இடிக்க இவருக்கு மனசில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது.

ஓட்டில் அறுநூறு மட்டும் நிறுத்திக்கொண்டோம். கிழக்கு ஜன்னல்களுக்கு மேலே சாய்ப்பு இறக்கினால் வெயிலும் மழையும் தடுக்கும். காற்றுக்கு அது போதாது. ஒரு ஜன்னலை அடைத்துவிடலாம் என்பது என் கட்சி, இரண்டையும் என்பது அத்தை கட்சி. ஜூன் மழைக்கு முன்னால் சாய்ப்பு முடியுமா என்று ஆசாரியைக் கேட்டேன். முதலில் கதவை முடிவு பண்ணுங்க என்கிறார்.