ஏழாவது கேள்வி

கொழிஞ்சாம்பாறையில் ஆதாரம் எழுதுவது என் தொழில். தமிழ்நாட்டில் பத்திரம் என்பார்கள். எங்கள் பக்கம் கேரளா, அதனால் ஆதாரம். நிலத்தை விற்றால் தீராதாரம், குடும்பத்தாருக்கு எழுதி வைத்தால் தனநிச்சயம், பங்கை விட்டுக்கொடுத்தால் ஒழிமுறி. அப்பா முப்பது வருடம் உட்கார்ந்த மேஜையில் நான் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

பொதுவாழ்விலும் தொழிலிலும் இருக்கும் கத்தோலிக்கப் பொதுநிலையினருக்கு, அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களுக்கு, மூன்று நாள் தலைமைத்துவ மாநாடு நடக்கப்போகிறது என்று பங்குத்தந்தை சொன்னபோது, அது எனக்கானது என்று தோன்றவே இல்லை. வக்கீல், டாக்டர், பஞ்சாயத்து மெம்பர், பேராசிரியர் எல்லாம் போகிற இடம். “நான் ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்துல உட்கார்ந்து எழுதுறவ, ஃபாதர். எனக்குக் கீழே ஒரு டைப்பிஸ்ட் பொண்ணைத் தவிர யாருமில்லைங்க” என்றேன்.

“மாசத்துக்கு எத்தனை குடும்பம் உன் மேஜைக்கு வருதும்மா?”

“நாற்பதுக்குக் குறையாதுங்க.”

“அத்தனை பேரும் நீ சொல்றதைக் கேட்டுத்தானே கையெழுத்துப் போடறாங்க?” என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தார்.

இரண்டு பக்க விண்ணப்பம். பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம், ஒரு போட்டோ, தங்கவும் சாப்பிடவும் 1,500 ரூபாய். பெயர், தொழில், அன்பியம் (பங்கில் நாம் சேர்ந்திருக்கும் சிறு குழு), பங்குப் பேரவையில் என்ன பொறுப்பு என்று ஆறு கேள்விகளை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். ஏழாவதில் பேனா நின்றுவிட்டது. கடந்த ஓராண்டில் தொழிலில் நீங்கள் செய்ததில் இன்றும் மனதை உறுத்துகிற ஒன்றை எழுதுங்கள், பெயர்கள் வேண்டாம் என்று இருந்தது. பதினோரு நாள் அந்த இடத்தை வெறுமையாகவே வைத்திருந்தேன். இனி இப்படி ஒரு மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்த மாதிரிக் கேள்வி இருந்தால் அதை முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அதற்கு வாசல்தான்.

என் மனதை உறுத்தியது ஓர் ஒழிமுறி. சம்பந்தப்பட்ட அம்மாயியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அம்மாயிக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருடைய அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். இரண்டு தம்பிகள். நிலத்தில் அக்காவின் பங்கைத் தங்கள் பெயருக்கு மாற்ற ஒழிமுறி வேண்டும் என்று அவர்களே வந்து சர்வே நம்பரும் கரம் (நிலவரி) கட்டிய ரசீதும் கொடுத்தார்கள். நான்கு பக்கம் மலையாளத்தில் தயாரித்தேன். அம்மாயிக்கு மலையாளம் கேட்டால் பாதி புரியும், படிக்கத் தெரியாது. கையெழுத்துத் தமிழில் போடுவார். அன்று பதினொன்றரைக்கு டோக்கன். வெளியே ஆட்டோ காத்திருந்தது. “உங்க பங்கைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுக்கறதா எழுதியிருக்கு அம்மாயி, சரிங்களா?” என்று கேட்டேன். “சரி கண்ணு” என்றார். நான்கு பக்கத்தையும் அந்த ஒரு வரியில் முடித்துவிட்டேன்.

உள்ளே அதிகாரி மலையாளத்தில், மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்ததுதானா என்று கேட்டார். அம்மாயி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவரும் தலையசைத்தார். சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது அம்மாயி என் கையைப் பிடித்துக்கொண்டார். “கெணத்து மேட்டுத் தென்னை மட்டும் நம்ம பேர்லதானே கண்ணு இருக்கு?” அந்தக் கிணற்று மேடும் ஒழிமுறியில் போயிருந்தது. வீட்டுப் பங்கை மட்டும்தான் விட்டுக்கொடுக்கிறோம் என்று அவர் நினைத்திருக்கிறார். “வந்து பாக்கறேன் அம்மாயி” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். போகவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் இதைத்தான் எழுதி அனுப்பினேன்.

மாநாட்டுக்கு முன்பே படித்துவிட்டு வரச்சொல்லிச் சில பக்கங்கள் வந்தன. உலகெங்குமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட பொதுநிலையினர் திருத்தூதுப்பணி பற்றிய ஆணையிலிருந்து ஒரு பகுதி, அதே வருடம் டிசம்பர் 7 அன்று வந்த, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டிலிருந்து ஒரு பகுதி, அப்புறம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988இல் பொதுநிலையினரைப் பற்றி எழுதிய மடலில் சில பத்திகள். தமிழ்நடை கொஞ்சம் கடினம்தான். ஆனால் ஓர் இடம் என்னை நிறுத்தியது. ஒருவருடைய விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவே விழுகிற பிளவை இந்தக் காலத்தின் பெரிய தவறுகளில் ஒன்றாகச் சங்கம் எண்ணுகிறது. அதை அடுத்தே இன்னொன்றும் வருகிறது: எழுகிற ஒவ்வொரு சிக்கலுக்கும் குருக்களிடம் தயாரான விடை இருக்கும் என்று பொதுநிலையினர் நினைக்க வேண்டாம். இதை நான் உண்மையிலேயே எதிர்பார்க்கவில்லை. எதுவென்றாலும் ஃபாதரிடம் கேட்டால் போதும் என்றுதான் வளர்ந்தவள் நான்.

பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தியான இல்லத்தில் மாநாடு. எண்பது பேர் இருப்போம். பொள்ளாச்சி, கோவை, சித்தூர், ஒலவக்கோடு என்று எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். முதல் நாள் தொடக்க விழா, பொன்னாடை, அறிமுகம் எல்லாம் வழக்கம்போல. அன்று மாலை தேவசகாயத்தைப் பற்றி ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை பேசியது மட்டும் மனதில் தங்கியது. நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தவர், பத்மநாபபுரம் அரண்மனையில் திருவிதாங்கூர் அரசுப் பணியாளராக இருந்தவர், டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அந்த நிலையை எட்டிய முதல் இந்தியப் பொதுநிலையினர் அவர். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அந்த ஆசிரியை ஒன்றை அழுத்திச் சொன்னார்: அவர் குருவும் அல்ல, துறவியும் அல்ல, மனைவியோடு வாழ்ந்த, அரண்மனைக் கணக்கு வழக்குகளுக்கு நடுவே வேலை பார்த்த ஆள். கோயிலில் அவர் சுரூபத்துக்கு முன்னால் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். அவரும் என்னைப் போல எழுத்தும் கணக்குமாக ஒரு நாளைக் கழித்திருப்பார் என்று அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் காலையில்தான் உண்மையான வேலை. தொழில்வாரியாக ஆறு ஆறு பேராகப் பிரித்தார்கள். என் மேஜையில் பொள்ளாச்சி வக்கீல் அக்கா ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், வில்லேஜ் ஆபீஸ் ஊழியர், சர்வேயர், சொத்து மதிப்பீடு செய்யும் இன்ஜினியர். ஏழாவது கேள்விக்கு எழுதியதை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். ஆறுதல் சொல்லக்கூடாது, அறிவுரையும் கூடாது. இந்த ஒரு விதிக்காகவே அந்த மாநாட்டை நடத்தியவர்களுக்கு நன்றி சொல்வேன். ஆறுதல் சொல்லியிருந்தால் நான் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

வக்கீல் அக்கா கேட்டார்: “என்ன போச்சுன்னு அவங்களுக்கு இன்னைக்காவது தெரியுமா?”

தெரியாது என்றேன். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வங்கி மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடனுக்கு ஜாமீன் போட வந்தவர்களிடம் இதே மாதிரி விரல் வைத்துக் காட்டி எத்தனை கையெழுத்து வாங்கியிருப்பேன் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

அறிவுரைக்கான நேரம் வந்ததும் வக்கீல் அக்கா சட்டத்தை விளக்கினார். சிரியன் கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராய் தொடர்ந்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாத சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்ததால்தானே ஒழிமுறியே எழுதுகிறோம். உரிமை இல்லாதவரிடம் யாரும் விட்டுக்கொடு என்று கேட்கப் போவதில்லை. ஆவணத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போடுவதானால், விஷயம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம் கெடு என்றார். “அவங்களுக்கு நீங்க சொன்னாத்தான் தெரியவரும்” என்றும் சொன்னார்.

மதியம் நடந்த குழு விவாதம் எனக்கு வருத்தம். மேடையில் ஐந்து பேர், ஐவரும் ஆண்கள், முழுக்க மலையாளம். பாதிப்பேருக்கு மேல் தமிழர்கள், எல்லோரும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மாயி தலையாட்டியது ஞாபகத்துக்கு வந்தது. வடகரப்பதிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பஞ்சாயத்து மெம்பர் தம்பி ஒருவர்தான் எழுந்து நின்றார். மொழிச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகத்தோடு தமிழில் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் கொடுக்கிறது, நம் கூட்டத்தில் இடம் இல்லையா என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அதன்பிறகு ஒரு சிஸ்டர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று இரவு ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) முடிந்து வராந்தாவில் நின்றிருந்தபோது, அந்த ஃபாதரிடமே கேட்டேன்: “இப்ப நான் என்ன செய்யணுங்க?” அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒழிமுறின்னா என்னன்னு எனக்குச் சரியாத் தெரியாதும்மா. உனக்குத் தெரியும். காலைல பேசின அந்த மேஜைக்கே போ” என்றார். படித்த பகுதி அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

கடைசி நாள் ஒரு தாள் கொடுத்தார்கள். என்ன செய்யப்போகிறீர்கள், யாருக்காக, எந்தத் தேதிக்குள் என்று மூன்று வரி. ஒரு துணையாளின் போன் நம்பர். எனக்கு வக்கீல் அக்கா. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் கூப்பிடுவார், மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒரு நாள் கூடுவோம். அம்மாயிக்கு ஒழிமுறியை வரிவரியாகத் தமிழில் வாசிப்பது, பத்து நாளுக்குள் என்று எழுதினேன்.

ஒன்பதாம் நாள் போனேன். நகலை வைத்து மெதுவாக வாசித்தேன். கிணற்று மேடு வந்ததும் அம்மாயி, “அதுவும் போச்சா?” என்றார். அழவில்லை. அப்புறம் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அந்தக் காபியைக் குடித்து முடிப்பது எனக்கு லேசாக இல்லை. என் தவறு என்று சொன்னேன். கோர்ட்டுக்குப் போகலாம், வக்கீல் இருக்கிறார், செலவை நான் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். “தம்பிக மேல கேசுப் போட்டுட்டு நான் எங்க கண்ணு போய் நிப்பேன்?” என்று மறுத்துவிட்டார்.

அதனால் தம்பிகளிடம் பேசினேன். பெரியவர், முடிந்த காரியத்தைக் கிளறுகிறாய் என்று கோபப்பட்டார். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. சின்னவர் மூன்று முறை போன பிறகுதான் உட்காரச் சொன்னார். கிணற்று மேடு அவர் பங்கில்தான் இருந்தது. அக்காவின் ஆயுள்வரை அந்த எட்டு சென்ட் அவருடைய அனுபவத்தில் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுக்கச் சம்மதித்தார். அது அம்மாயிக்கு வர வேண்டிய பங்கு அல்ல, அதில் ஒரு துண்டு. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும்.

என் ஆபீஸில் இப்போது ஒவ்வொரு ஆதாரத்தோடும் ஒரு பக்கத் தமிழ்த்தாள் வைக்கிறேன்: உங்கள் கையை விட்டுப் போவது என்ன, உங்களிடம் இருப்பது என்ன. கையெழுத்துப் போடுகிறவரைத் தனியாக உட்காரவைத்து வாசிக்கிறேன். இருபது நிமிடம் கூடுதலாகிறது. அங்கே போனால் வேலை இழுக்கும் என்று புரோக்கர்கள் இரண்டு பேர் வருவதில்லை. முதல் மாதம் வருமானம் குறைந்தது, வீட்டில் பேச்சும் வந்தது. டைப்பிஸ்ட் பொண்ணுதான் தாளைப் பெரிய எழுத்தில் அடித்து வைக்கலாம் என்று யோசனை சொன்னாள்.

மூன்று மாதக் கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் அம்மாயியின் ஆதாரம் பதிவானது. என் மேஜையில் ஒருமுறை வாசித்ததும், “இரு கண்ணு, இன்னொரு தடவை வாசி” என்றார். வாசித்தேன். உள்ளே அதிகாரி சின்னவரிடம் மட்டும்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். பக்கத்தில் நின்ற அம்மாயி, யாரும் கேட்காமலே, என் பக்கம் திரும்பாமலே, தமிழில் சத்தமாகச் சொன்னார்: “எனக்குத் தெரியுமுங்க. எட்டு சென்ட்டு, ஆறு தென்னை.”