பல்செட் வரும்வரை

ஜூன் 3, செவ்வாய்

அம்மாவின் மேல்வரிசைப் பற்களை எல்லாம் எடுத்தாகிவிட்டது. ஈறு ஆறிப் பல்செட் பொருத்தும்வரை கடித்துத் தின்ன எதுவும் ஆகாது. வெறும் கஞ்சியில் உடம்பு இளைத்துவிடும், கிலோவுக்கு ஒரு கிராம் கணக்கில் புரதம் போகட்டும் என்றார் மருத்துவர். சர்க்கரை நோயாளி என்பதால் சிறுநீரகச் சோதனை முடிவைப் பார்த்த பிறகே அதையும் சொன்னார். அம்மா 52 கிலோ. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான். அந்த வாடையே அவளுக்கு ஆகாது. மீன் என்றால் உயிர். ஆனால் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக்கிடக்கின்றன. சிறு படகுகள் கொண்டுவரும் மீனின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

தண்டையார்பேட்டை மருந்துக்கடையில் அட்டைப் பாக்கெட்டில் சாக்லேட் புரத பானம். முன்பக்கத்தில் 'புரோட்டீன்' என்று கொட்டை எழுத்து. பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால், அதிலிருந்த சர்க்கரை புரதத்தைவிட அதிகம். சில பாக்கெட்டுகளில் முழுப் பாக்கெட்டின் கணக்கு, சிலவற்றில் 100 மில்லியின் கணக்கு. கடைக்காரர் பொறுமையானவர், நான் அலமாரியின் முன் நின்று வகுத்துப் பெருக்கியதைக் கண்டுகொள்ளவில்லை. எதையும் வாங்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகும் தம்பி, சர்க்கரை சேர்க்காத வெனிலா பானம் கொண்டுவந்தான். பல் எடுத்த புண்ணுக்கு உறிஞ்சுவது ஆகாது என்பதால் ஸ்ட்ராவைப் பிய்த்து எறிந்துவிட்டு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். "பாயசத்தில் மருந்தைக் கரைத்தாற்போல இருக்கிறது, நீயே குடிடா" என்று அவனிடமே நீட்டிவிட்டாள்.

நானும் குடித்துப் பார்த்தேன். அதில் சேர்ந்திருப்பது சுக்ரலோஸ். சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பு. விழுங்கிய பிறகும் நாக்கை விட்டு இறங்குவதில்லை. போதாக்குறைக்கு ஒரு காய்ச்சிய வாடை. குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் கெடாமல் இருக்க, இந்தப் பானங்களைச் சில நொடிகள் 135 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் பால் புரதத்திலிருந்து கந்தகச் சேர்மங்கள் கிளம்புகின்றன, வாடை அதனால்தான். ஐஸ் போட்டால் கொஞ்சம் அடங்கும் என்றான் தம்பி. அம்மா ஐஸைத் தொடமாட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

காபிச் சுவை. தோல்வி. டிகிரி காபி குடித்து வளர்ந்தவளிடம் இதை நீட்டவே கூசியது.

ஜூன் 12, வியாழன்

புரதம் என்றால் ஏன் எல்லோரும் மிட்டாய்க் கடைக்கே போகிறார்கள்? சாக்லேட், வெனிலா, ஸ்ட்ராபெரி, குல்ஃபி. இந்த ஊர் வெயிலில் தாகத்துக்குப் புளிப்பும் உப்பும்தான் இறங்கும். எம்.சி. சாலைப் பக்கம் ஒரு பால் கடையில் இதையே புலம்பினேன். கடைக்காரர் பேசாமல் அமுலின் புரத மோரை எடுத்து வைத்தார். 200 மில்லியில் 15 கிராம் புரதம்.

வீட்டு மோரைவிடக் கெட்டி. அடிநாக்கில் மாவு தட்டுவதுபோல் லேசாக ஒன்று இருக்கிறது; இல்லை என்று சொல்லமாட்டேன். பெருங்காயமும் அரைத்த இஞ்சி கறிவேப்பிலையும் கலந்ததும் அது மறைந்தது. ஈறுக்கு எரியுமே என்று பச்சை மிளகாயை விட்டுவிட்டேன். அம்மா டம்ளரைக் காலிசெய்துவிட்டு, "உப்பு போதவில்லை" என்றாள். அவளிடம் இதற்குமேல் பாராட்டை எதிர்பார்க்க முடியாது.

ஜூன் 18, புதன்

தடை முடிந்து படகுகள் திரும்பத் தொடங்கிவிட்டன. சங்கரா வாங்கி, குழம்பில் வேகவைத்து, முள் எடுத்துச் சோற்றோடு மசித்துக் கொடுத்தேன். 100 கிராம் மீனில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம். மோரை நிறுத்திவிடலாம் என்றேன். அம்மா ஒப்பவில்லை. பதினொரு மணிக்கு அது வேண்டுமாம். வெனிலா பாக்கெட்டுகளைத் தம்பி எடுத்துப் போய்விட்டான். காபி இன்னும் அலமாரியில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள்.