வெளி ரிங்க்கில் ஸ்கேட்டிங்: ஓடுவது சரி, நிற்பது எப்படி?

ஐஸ் ஸ்கேட்டிங்கில் போவது அவ்வளவு கஷ்டமில்லை. நிற்பதுதான் பாடு. டொராண்டோ நகரசபைக்கு முன்னால் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் இந்தக் குளிர்காலம் முழுக்க அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். கோடையில் அங்கே தண்ணீர்த் தடாகம். குளிர் வந்ததும் தரைக்கடியில் குழாய்களில் குளிரூட்டிய திரவத்தைச் சுற்றவிட்டு உறைய வைக்கிறார்கள், அதுதான் ரிங்க். உள்ளே போகக் காசில்லை, ஸ்கேட்ஸ் இல்லாதவர்கள் வாடகை மட்டும் கொடுக்க வேண்டும்.

ஆரம்பத்தில் வாடகை ஸ்கேட்ஸில் கணுக்கால் உள்பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. கயிற்றை விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாகவும் கணுக்கால் மடியும் இடத்தில் நன்றாக இறுக்கியும் கட்டியதில் பாதி சரியானது. தடித்த கம்பளி சாக்ஸும் வேண்டாம், உள்ளே கால் ஆடும். மெல்லியதாக ஒன்றே போதும்.

அப்புறம் பழைய ஹாக்கி ஸ்கேட்ஸ் ஒன்று வாங்கிச் சாணை பிடித்தேன். மீதிப் பாதியும் சரியானது! பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நீளவாக்கில் ஒரு பள்ளம், அதன் இருபுறமும் இரண்டு விளிம்புகள். நகத்தைக் குறுக்கே லேசாக இழுத்தால் வெள்ளையாகச் சீவி வர வேண்டும். வாடகை ஸ்கேட்ஸில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. ஐஸ் மேல் பிடி கிடைக்காததற்கு தைரியக் குறைவு காரணமில்லை.

நிற்பதற்கு முழங்காலை மடக்கி, பாதங்களை அகட்டி, குதிகால்களை வெளியே தள்ள வேண்டும். சரியாக அழுந்தினால் 'கிர்ர்' என்று சத்தம் வரும், பிளேடுக்கு முன்னால் ஐஸ் தூள் குவியும். சத்தம் வராவிட்டால் வேலி வரைக்கும் பயணம்தான். முதலில் ஒரு காலால் மட்டும் பழகியது எனக்கு உதவியது.

வெளி ரிங்க்கில் வானிலையும் பார்க்க வேண்டும். மைனஸ் 5 வாக்கில் அருமை. பூஜ்யத்துக்கு மேலே போனால் மேலாகத் தண்ணீர் நிற்கும். மைனஸ் 18-ல் ஐஸ் கல்லாகி பிளேடு கடிக்காது. ஐஸைச் சமப்படுத்தும் ஸாம்போனி வண்டி ஓடி முடித்தவுடன் இறங்குவது நல்லது. அது விடும் வெந்நீர் மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கி, கீறல்களை நிரப்பி உறையும். குளிரூட்டல் இல்லாத ஒட்டாவா ரிடோ கால்வாயின் 7.8 கிலோமீட்டர் ஸ்கேட்டிங் பாதை முழுக்க வானத்தை நம்பியது. 2022-23 குளிர்காலத்தில் அது ஒருநாள்கூடத் திறக்கவில்லை.

ரிங்க்கில் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவதால் இடப்பக்கத் திருப்பம் மட்டும் பழகிவிடுகிறது. அதனால் இப்போது பென்ட்வேக்கும் போகிறேன். கார்டினர் விரைவுச்சாலையின் அடியில் 2018-ல் திறந்த 220 மீட்டர் பாதை அது, எட்டு வடிவம். வலப்பக்கமும் திரும்பியே ஆக வேண்டும். காலைக் குறுக்கே தூக்கிவைத்துத் திரும்புவது இடப்பக்கம் ஓரளவு வருகிறது, வலப்பக்கம் இன்னும் இல்லை. மார்ச்சில் ரிங்க்கை மூடுவதற்குள் அதைப் பிடித்துவிடப் பார்க்கிறேன்.