ஆங்கிலச் சொற்களைப் போர்த்துகீசில் குடும்பத்தோடு பிடியுங்கள்

போர்த்துகீசு கற்கும்போது நோட்டில் தனித்தனிச் சொல்லாக எழுதாமல் விகுதியைப் பிடித்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் 'ஷன்' என்று முடிவது போர்த்துகீசில் பெரும்பாலும் 'ஸாவ்ங்' ஆகும், மூக்கொலியோடு: இன்ஃபர்மேஷன், இன்ஃபொர்மஸாவ்ங். 'இட்டி' என்பது 'தாத்', பிரேசிலில் 'தாஜி'. யுனிவர்சிட்டி, உனிவெர்சிதாத். இவ்விரு விகுதிகளில் வரும் இத்தகைய பெயர்கள் பெண்பால். ஆகவே பெயருக்கு முன் தனியாக வரும் பெண்பால் சுட்டுச்சொல் 'அ'வையும் சேர்த்தே எழுதிவிடுங்கள், பிறகு பெயரடையின் பால் தவறாது.

ஆனால் விகுதியை மட்டும் நம்பினால் சறுக்கும். டிரான்ஸ்லேஷனுக்கு 'த்ரதுஸாவ்ங்' என்பதே சரி. 'த்ரன்ஸ்லஸாவ்ங்' என்றால் பூமி சூரியனைச் சுற்றுவது! வினையையும் ஆளையும் பக்கத்திலேயே எழுதினால் (த்ரதுஸீர், த்ரதுதோர்) இந்தத் தவறு வராது.

போலி ஒற்றுமை இன்னும் மோசம். கடைக் கதவில் 'புஷி' என்று ஒலிக்கும் சொல் இருந்தால் இழுக்க வேண்டும், தள்ளுவதற்கு 'எம்புஹார்'. 'ப்ரெதெந்தேர்' பாசாங்கு அல்ல, உத்தேசிப்பது.

எந்த நாட்டு வழக்கு என்பதையும் குறியுங்கள். பஸ் லிஸ்பனில் 'அவுத்தோகாஹு', பிரேசிலில் 'ஓனிபுஸ்'.

சிங்கப்பூரில் நமக்கு ஒரு சலுகை உண்டு. சாவி, ஜன்னல், அலமாரி ஆகியவை போர்த்துகீசியர் வழி வந்தவைதான். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் சொல்லும் 'மெந்தேகா', 'கேஜு' போர்த்துகீசில் 'மந்தைகா', 'கேஜு': வெண்ணெயும் பாலாடைக்கட்டியும். சமையலறைப் பட்டியலை இங்கிருந்தே தொடங்கலாம்.