மணி 448 கிராம்: சிரிஞ்சைத் தேடி வந்த கிளி

இன்று காலை ஏழு மணிக்கு எங்கள் கிளி மணி தராசில் ஏறி நின்றான். 448. இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன், அதே 448. ஜூன் 12 அன்று இதே தராசு 394 காட்டியபோது சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். இன்றைக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மணி ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, காங்கோ வகை. கால் வளையத்தில் 14 என்று இருக்கிறது, அதாவது 2014இல் பிறந்தவன், இந்த 2023இல் ஒன்பது வயது. என் கணவரின் பெரிய மாமா வளர்த்தது. அவர் காலமான பிறகு 2021இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். மாமா உயிரையே வைத்திருந்தார், ஆனால் ஏழு வருஷமும் சூரியகாந்தி விதைதான் சாப்பாடு. வந்த புதிதில் காய்கறிக்கு மாற்றப் பார்த்தேன். ஒரு வாரம் அடம்பிடித்தான், நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

முதலில் மாறியது குரல். எங்கள் கேட் ரிமோட் போடும் 'பீப்' சத்தத்தை அவன் அச்சு அசலாகப் போடுவான், என் கணவர் வண்டி வந்துவிட்டதென்று அத்தை எத்தனையோ தடவை எழுந்து போயிருக்கிறார். மே மாதம் அந்த பீப் கரகரத்தது. புதுச் சத்தம் பழகுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் தும்மல், மூக்கைச் சுற்றிய சின்ன இறகுகளில் ஈரம். ஜூன் தொடக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. வால் ஆடினால் மூச்சுக்குப் பாடுபடுகிறது என்று அர்த்தம், அது கிளி வளர்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். என்னை ஏமாற்றியது கிண்ணம். தினமும் கிண்ணம் நிறைய உமி இருந்தது, நன்றாகக் கொறிக்கிறான் என்று நம்பினேன். ஊதிப் பார்த்தால் மேலே பாதி உமி, அடியில் முழு விதை அப்படியே கிடந்தது. கொறிப்பது போல உடைத்துப் போட்டிருக்கிறான், விழுங்கவில்லை. எச்சத்திலும் கெட்டிப் பகுதி சிறுத்துக் கரும்பச்சையாகிவிட்டது. அதைப் பார்த்தும் கீரை கொஞ்சம் தின்றிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வருஷம் நகம் வெட்டப் போனபோது 462 கிராம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஜூன் 9 வெள்ளிக்கிழமை என் சமையல் தராசில் நிறுத்தினால் 401. நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு உடம்பு போயிருக்கிறது, வெளியே பஞ்சு மாதிரி இறகு அத்தனையையும் மூடி மறைத்துவிட்டது. பத்துப் பங்கு குறைந்தாலே அவசரம் என்பார்கள்.

அன்றே பக்கத்தில் ஒரு மிருக டாக்டரிடம் ஓடினேன். கூண்டுக்கு வெளியே இருந்தே பார்த்துவிட்டு, சளி என்று சொல்லித் தண்ணீரில் கலக்க ஒரு மஞ்சள் பொடி கொடுத்தார். தண்ணீர் கசந்தது, மணி தண்ணீரையே தொடவில்லை. மூன்று நாளில் இன்னும் ஏழு கிராம் போனது. நோயாளிக் கிளிக்குத் தண்ணீரில் மருந்து கலந்தால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது, அதோடு இருக்கிற தாகத்தையும் கெடுக்கும். இனி யார் கொடுத்தாலும் வாங்கமாட்டேன்.

திங்கள்கிழமை பறவைகளை மட்டும் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனோம். அவர் முதலில் தராசில் வைத்தார், அடுத்து என் விரலைப் பிடித்து மணியின் நெஞ்செலும்பில் வைத்தார். இரண்டு பக்கமும் சதை இல்லை, கத்தியின் முதுகைத் தடவுவது போல இருந்தது. அப்புறம் அலகைத் திறந்து விளக்கடித்துக் காட்டினார். மேலண்ணத்தில் ஒரு பிளவு இருக்கும், அதன் ஓரம் முழுக்கக் குட்டிக் குட்டி முட்களாக இருக்க வேண்டுமாம். மணிக்கு முட்களே இல்லை, தேய்ந்து வழவழவென்று கிடந்தது. நாக்குக்கடியில் அரிசி நுனி அளவில் இரண்டு வெள்ளைத் திட்டு. விட்டமின் ஏ குறைவு. அது குறைந்தால் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயின் உள்தோல் தடித்துக் காய்ந்துபோகிறது, அந்த இடத்தில் கிருமி சுலபமாகக் குடியேறுகிறது. ரத்தத்தில் கால்சியமும் கீழே. சாம்பல் கிளிக்குக் கால்சியம் குறைந்தால் வலிப்பே வரலாம். சூரியகாந்தியில் கொழுப்புத்தான் நிறைய, இந்த இரண்டும் சொற்பம்.

குரல் மாறியதால் மூச்சுக்குழாயில் பூஞ்சையோ என்று பயந்தேன். எக்ஸ்ரேயும் சின்னக் குழாய்க் கேமராவும் வைத்துப் பார்த்து, அது இல்லை என்றார்கள். மனிதருக்கும் தொற்றும் கிளிக்காய்ச்சலுக்கு மாதிரி எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை, அத்தைக்கு 74 வயது என்பதால் முகக்கவசம் போட்டுத்தான் கூண்டைச் சுத்தம் செய்தேன், எச்சத்தை நனைத்த பிறகுதான் துடைத்தேன். அதுவும் இல்லை என்று வந்தது.

விட்டமின் ஊசியும் கால்சியம் ஊசியும் அங்கேயே போட்டார்கள். வீட்டுக்கு வாய்வழி மருந்து, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பதினான்கு நாள். அளவை இங்கே எழுதமாட்டேன், அது அவன் எடைக்குக் கணக்குப் போட்டது.

இனி சிரிஞ்சுக்கு வருகிறேன், இந்த ஒரு வேலையில்தான் நான் நொந்துபோனேன். ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சு. டாக்டர் செய்து காட்டியபோது அரை நிமிஷம்கூட ஆகவில்லை. துண்டில் சுற்ற வேண்டும், ஆனால் நெஞ்சை அமுக்கவே கூடாது. நமக்கு இருப்பது போல உதரவிதானம் பறவைக்குக் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. தலையைத் தாடையின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு, கிளியின் இடது வாய்க்கோடியில் சிரிஞ்சு நுனியை வைத்து வலது பின்பக்கம் பார்த்துச் செலுத்த வேண்டும். உணவுக்குழல் கழுத்தில் வலப்பக்கமாக இறங்குகிறது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்துகிடக்கிறது, நேராகப் பீய்ச்சினால் மருந்து அங்கேதான் போகும். சொட்டுச் சொட்டாக, விழுங்குகிறானா என்று பார்த்துப் பார்த்து.

வீட்டில் முதல் மூன்று நாளும் போர்க்களம். என் கணவர் துண்டைப் பிடிக்க, நான் சிரிஞ்சு. பாதி மருந்து தாடை இறகில் ஒட்டிக் காய்ந்தது. பிளாஸ்டிக் நுனியை ஒரே கடியில் நசுக்கிவிட்டான், உடைந்த சில்லு உள்ளே போய்விட்டதோ என்று டார்ச் அடித்துத் தரையெல்லாம் தேடினேன். அதைவிட மோசம், துண்டைப் பார்த்தாலே மூலையில் ஒடுங்கி நடுங்கினான், அதற்கப்புறம் ஒரு மணி நேரம் சாப்பிடமாட்டான். 15ஆம் தேதி 393. மருந்து வேலை செய்யும், ஆனால் மருந்து கொடுக்கும் விதமே அவனை இளைக்க வைக்கிறது.

அப்போதுதான் இரண்டையும் பிரித்தேன். மருந்து குளியலறையில், நீலத் துண்டில், நாங்கள் இருவரும். வரவேற்பறையில் அத்தை மட்டும், துண்டே இல்லாமல், வேறு ஒரு சிரிஞ்சில் வேகவைத்து மசித்த பட்டர்நட் பூசணி. கை பொறுக்கும் சூட்டில், கட்டியே இல்லாமல் வடிகட்டியது. முதல் நாள் சிரிஞ்சைக் காட்டுவதோடு சரி, அவன் பார்த்தால் ஒரு பைன் கொட்டை. மறுநாள் அலகால் தொட்டால் கொட்டை. அடுத்த நாள் நுனியில் ஒரு துளி பூசணி, நக்கினான். நுனியை நேராக நீட்டாமல் அலகுக்குக் குறுக்கே படுக்கப் பிடித்தால் கடிக்க வாகு கிடைப்பதில்லை என்பதை அத்தைதான் கண்டுபிடித்தார். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்குமேல் இல்லை. "வாம்மா மணி, ஒரு வாய்" என்று பேரனுக்கு ஊட்டுவது போலவே சொல்வார்.

ஜூன் 20 சாயங்காலம், டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, மருந்தை மசித்த பூசணியில் கலந்து அதே சிரிஞ்சில் அத்தையிடம் கொடுத்தேன். மணி கம்பியில் இரண்டடி பக்கவாட்டில் நடந்து வந்து, ஒரு காலைத் தூக்கிச் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு குடித்தான். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. அத்தை கை நடுங்காமல் கடைசிச் சொட்டு வரை மெதுவாக அழுத்தினார். மிச்சம் ஆறு நாளும் துண்டே எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து எடை ஏறத் தொடங்கியது: 396, 399, 405.

உங்கள் கிளி நன்றாக இருக்கும்போதே இதைப் பழக்கிவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நான் நோய் வந்த பிறகு பழக்கியதால் எட்டு நாள் அவனை வதைத்தேன்.

சூட்டுப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். நாய்க்குட்டி கொண்டுபோகும் பெட்டியில், வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டரை வெளிப்புறமாக வைத்து 28 முதல் 30 டிகிரி. டர்பன் குளிர் பெரிய குளிர் இல்லைதான், ஆனால் இளைத்த கிளிக்கு ராத்திரி 12 டிகிரி அதிகம். மின்வெட்டு நேரத்துக்கு இரண்டு வெந்நீர்ப் பைகளைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்தேன், சூடு தாங்கவில்லை என்றால் அவன் மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். தராசு மேல்தான் எனக்குக் கோபம். அவன் அசையாமல் நிற்கும் நேரம் பார்த்துத் தானாக அணைந்துவிடுகிறது. அணையாத தராசு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இருக்கிற தராசின்மேல் மரக்கம்பு பொருத்தியதும் ஏறி நிற்பது சுலபமாகிவிட்டது.

சாப்பாட்டு மாற்றம் பாதியில்தான் இருக்கிறது. எங்கள் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் பட்டர்நட், கேரட், முருங்கைக்கீரை எல்லாம் வாங்குகிறேன். சிவப்பு மிளகாய்தான் அவனுக்கு உயிர். பறவைக்கு மிளகாயின் காரம் உறைக்காது, விட்டமின் ஏவுக்கு வேண்டியது அதில் நிறைய இருக்கிறது. சிட்டியில் காங்கோக்காரர் ஒருவர் கடையில் சிவப்புப் பனை எண்ணெய் கிடைத்தது, இந்தக் கிளிகள் சொந்தக் காட்டில் எண்ணெய்ப்பனைப் பழம் தின்பவைதானே. இரண்டு சொட்டு சோளத்தில் பிசைந்து கொடுக்கிறேன். விட்டமின் ஏ சொட்டு மருந்து மட்டும் நானாக வாங்கித் தருவதில்லை. அது உடம்பில் தேங்கி விஷமாகும். காய்கறியில் இருப்பதை உடம்பு தேவைக்கு மட்டும் மாற்றிக்கொள்கிறது. பெல்லட்டை, அதாவது கிளிக்கென்று கடையில் விற்கும் உருண்டைத் தீவனத்தை, இன்னும் தரையில்தான் எறிகிறான். நேற்று நான்கு மட்டும் தின்றான், எண்ணினேன்.

அடுத்த திட்டம் பின்முற்றத்தில் பகல் கூண்டு. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் கால்சியத்துக்கு வேண்டிய கதிர் வராது, நேர் வெயிலே வேண்டும். ஆனால் எங்கள் அவகாடோ மரம் சரியாக அந்த இடத்தில் கவிந்திருக்கிறது. இலை, பழம் எல்லாமே கிளிக்கு விஷம், கூண்டுக்குள் ஓர் இலை விழுந்தாலும் போச்சு. மரத்தைக் கழிப்பதா, கூண்டைக் கராஜ் பக்கம் கொண்டுபோவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

புகை விஷயமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்குள் சாம்பிராணி போடுவதா என்று டாக்டர் கேட்டபோது அத்தை முகம் வாடிவிட்டது. ஐம்பது வருஷப் பழக்கம். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரமே அவர் தூபக்காலை எடுத்துக்கொண்டு போய் முற்றத்துத் துளசியடியில் வைத்துவிட்டார். நாளை ஆடி பிறக்கிறது, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள், கற்பூரம், சாம்பிராணி எல்லாம் இருக்கும். அன்றைக்கு மணி பக்கத்துத் தெருவில் நாத்தனார் வீட்டில் இருப்பான். பயணப்பெட்டி, தராசு, சிரிஞ்சு, பூசணி டப்பா எல்லாவற்றையும் அத்தையே ஒரு பையில் எடுத்து வைத்திருக்கிறார். சற்று முன்தான் உள்ளேயிருந்து பீப் சத்தம் கேட்டது. அத்தை கேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார், வெளியே வண்டி எதுவும் இல்லை.