நாங்கள், நாம்: ஒரு தொடரோடு ஏழு வாரம்

2025 நவம்பர் 7, வெள்ளி

வின்ஸ் கில்லிகனின் புதிய தொடரான ‘புளூரிபஸ்’ இன்று ஆப்பிள் டிவியில் தொடங்கியது. முதல் இரண்டு எபிசோடுகளும் ஒன்றாகவே வந்ததால் இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்தோம். அம்மாவுக்கு ஆங்கில வசனம் பிடிபடாது. ஆகவே நான் அங்கங்கே நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த நாட்குறிப்பைத் தொடங்கியதற்கு அந்த மொழிபெயர்ப்பு வேலைதான் காரணம். கதையை மறைக்காமல் எழுதப்போகிறேன் என்பதால், தொடரை இனிமேல் பார்க்கவிருப்பவர்கள் பிறகு வந்து படிக்கலாம்.

600 ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து, 78 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஒரு ரேடியோ சமிக்ஞை வருகிறது. அதிலுள்ள நான்கு தொனிகளும் ஓர் ஆர்.என்.ஏ. வரிசையின் நான்கு எழுத்துகள் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்து, அந்த வரிசையை ஆய்வகத்தில் உருவாக்கியும் விடுகிறார்கள். ஆய்வக எலி ஒன்று ஒருவரைக் கடிக்கிறது. அங்கிருந்து பரவிய தொற்று உலக மாந்தரை ஒரே மனமாக இணைத்துவிடுகிறது. இணையாமல் எஞ்சியவர் 13 பேர் மட்டுமே. அவர்களில் ஒருத்தி, நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் வாழும் கேரல் ஸ்டர்கா என்னும் காதல்கதை எழுத்தாளர். அவளுடைய வாழ்க்கைத்துணை ஹெலன் அந்த இணைவின்போதே இறந்துபோகிறாள். ஹெலனை மருத்துவமனைக்குத் தூக்கி வந்த கேரலைச் சூழ்ந்துகொண்டு, முன்பின் தெரியாத அத்தனை பேரும் ஒரே குரலில், உதவவே விரும்புவதாகச் சொல்கிறார்கள்.

அந்த இடத்தில்தான் எனக்கு நாக்கு தடுமாறியது. ஆங்கிலத்தில் ‘வி’ என்ற ஒரே சொல் போதும். தமிழில் அதை ‘நாங்கள்’ என்பதா, ‘நாம்’ என்பதா? கேரல் அவர்களோடு சேராதவள் என்பதால் ‘நாங்கள்’ என்று சொல்லி வைத்தேன். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “எல்லாரும் ஒரே ஆளு ஆயிட்டாங்கன்னா ‘நான்’னுதானே சொல்லணும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

2025 நவம்பர் 9, ஞாயிறு

இரண்டு நாளாக அம்மாவின் கேள்வியே மனத்தில் சுழல்கிறது. ஒரே மனம் என்றால் அது உண்மையிலேயே ஒன்றாக இருக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலில் அடிபட்டால் உணரும் வலியில், மெல்லப் பரவும் பகுதி நரம்பில் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில்தான் ஏறுகிறது. மூளையை அடைய அதற்கு ஒரு நொடிக்கும் மேலாகும். ரேடியோ அலையோ நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்வது. பூமியின் ஒரு பக்கத்திலிருந்து நேர் எதிர்ப்பக்கத்துக்குத் தரைவழியே 20,000 கிலோமீட்டர் என்று கொண்டால், அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு ஒரு நொடியின் பதினைந்தில் ஒரு பங்கு போதும். தொடரில் வரும் கூட்டு மனம் மின்காந்த அலைகளால்தான் பிணைக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால், என் பெருவிரல் எனக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அதைவிடவும் அருகில் உலகத்தின் மறுகோடியில் இருப்பவர் அந்த மனத்துக்கு இருக்கிறார். தூரத்தைக் காரணம் காட்டி அதற்கு ‘நான்’ என்னும் சொல்லை மறுக்க முடியாது.

சமிக்ஞையும் வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை. 1974இல் போர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து மனிதர்கள் எம்13 விண்மீன் கொத்தை நோக்கி 1,679 பிட் அளவுள்ள செய்தி ஒன்றை அனுப்பினார்கள், நம் டி.என்.ஏ.வின் வேதிக்கூறுகளைப் பற்றிய குறிப்பும் அதில் இருந்தது. நாம் நம்மைப் பற்றி எழுதி அனுப்பினோம். கில்லிகனின் கதையில் வரும் செய்தியோ, படிப்பவரையே தனதாக்கிக்கொள்கிறது.

2025 நவம்பர் 15, சனி

மூன்றாம் எபிசோடில், காலியாகிக் கிடந்த சூப்பர்மார்க்கெட்டைக் கேரல் ஒருத்திக்காகக் கூட்டு மனம் மறுபடி நிரப்பிக் கொடுக்கிறது. அவள் கோபத்தில் கையெறி குண்டு கேட்டால் அதையும் கொண்டுவந்து தருகிறது. நடிப்பைப் பற்றி எழுத நிறைய உண்டு. ‘பெட்டர் கால் சால்’ தொடரில் கிம் வெக்ஸ்லராக எல்லாவற்றையும் உள்ளடக்கி நடித்த ரே சீஹார்ன், இங்கே எதையும் அடக்கிவைக்க முடியாத கேரலாக வருகிறார்.

ஆனாலும் நான் இன்னும் இரண்டாம் எபிசோடிலேயே நிற்கிறேன். அதில் இணையாத சிலரைக் கேரல் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் சந்திக்கிறாள். அவர்களில் லட்சுமி என்னும் இந்தியப் பெண், இணைந்துவிட்ட தன் மகனைக் காட்டி, இவன் இப்போதும் என் மகன்தான் என்று உறுதியாக நிற்கிறாள். அந்தச் சிறுவனுக்கு இப்போது உலக மருத்துவர்கள் எல்லாரும் அறிந்தது அத்தனையும் தெரியும். அம்மா முழுக்க லட்சுமியின் பக்கம். பிள்ளை உயிரோடு கண்முன் நின்று அம்மா என்று கூப்பிட்டால், உள்ளே இருப்பது யார் என்று எந்தத் தாய் கேட்டுக்கொண்டிருப்பாள் என்கிறார். போர் இல்லை, களவு இல்லை, ஒருவர் மற்றவரை வதைப்பதில்லை. இதைவிட வேறென்ன வேண்டும் என்றும் கேட்கிறார். இந்தக் கேள்வியைத் தொடர் எளிதாகத் தட்டிவிடாமல் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கேரலின் ஆத்திரம் அந்தப் பெருமனத்தை நிலைகுலையச் செய்து 1.1 கோடிப் பேரைக் கொன்றிருக்கிறது என்ற செய்தியை வைத்துக்கொண்டு, அவள் பக்கம்தான் நியாயம் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

2025 நவம்பர் 22, சனி

நான்காம் எபிசோடில் ஒரு காட்சி என்னை உலுக்கிவிட்டது. ஹெலன் இறப்பதற்கு முன் சில கணங்கள் இணைந்திருந்தாள். ஆகையால் அவள் நினைவுகள் முழுவதும் கூட்டு மனத்திடம் இருக்கின்றன. அந்த மனத்தால் பொய் சொல்லவும் இயலாது. தன் புத்தகங்களைப் பற்றி ஹெலன் உண்மையில் என்ன நினைத்தாள் என்று கேரல் கேட்கிறாள். விற்றுக் குவிந்த தொடர்நாவல்களைத் தீங்கில்லாதவை என்ற அளவில்தான் ஹெலன் மதித்தாள் என்பதும், கேரல் தன் உயிராகக் கருதிய வெளிவராத நாவலை அவள் முழுதாகப் படிக்கக்கூட இல்லை என்பதும் இதமான குரலில் சொல்லப்படுகின்றன.

ஹெலன் உயிரோடு இருந்தவரை இதைச் சொல்லாமல் காத்தாள். அப்படிக் காத்ததில் அன்பு இருந்தது. அவள் அறிந்தது எல்லாவற்றையும் அறிந்த அந்த மனத்துக்கு, அவள் ஏன் சொல்லாமல் இருந்தாள் என்பது மட்டும் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் அதன்படி நடக்க முடியவில்லை. ஒருவருடைய நினைவுகள் ஒன்றுவிடாமல் இருந்தும் அவர் அங்கே இல்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய காட்சி வேறெதையும் நான் பார்த்ததில்லை.

படம் முடிந்த பிறகு அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “உங்க அப்பா அதுக்குள்ள இருந்தா, என்னைப் பத்தி என்ன நெனச்சாருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கலாம், இல்ல?” என்றார். கேட்பீர்களா அம்மா என்றேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

2025 நவம்பர் 27, வியாழன்

இந்த வாரம் ஐந்தாம் எபிசோட் புதன்கிழமையே வந்துவிட்டது. கேரலுடைய செயல்களால் காயப்பட்ட கூட்டு மனம் ஆல்புகர்க்கியையே காலி செய்துகொண்டு போய்விடுகிறது. அவள் தொலைபேசியில் அழைத்தால், ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு பதிவுக்குரல் வருகிறது: அவள்மீதுள்ள அன்பு மாறவில்லை, ஆனால் கொஞ்சம் விலகியிருக்க வேண்டியிருக்கிறது. இங்கே எனக்கு மொழிபெயர்ப்பில் சிக்கலே எழவில்லை. ‘எங்களுக்கு’ என்று வாய் தானாகச் சொன்னது. கூடவே இருந்தபோது அந்த மனம் சொன்ன ‘வி’யில், என்றைக்காவது நீயும் இதில் சேர்ந்துவிடுவாய் என்னும் எதிர்பார்ப்பும் ஒளிந்திருந்தது, ‘நாம்’ ஆக ஏங்கும் ‘நாங்கள்’ அது. ஊரையே காலி செய்துவிட்டுப் போகும்போதுதான் அது முழுமையான ‘நாங்கள்’ ஆகிறது.

2025 நவம்பர் 30, ஞாயிறு

தேனீக் கூட்டத்தை எல்லாரும் இந்தத் தொடருக்கு உவமை சொல்கிறார்கள். அது சரியான உவமை அல்ல என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சீலி பல்லாண்டுகள் ஆராய்ந்தது, பிரிந்து செல்லும் தேனீக்கூட்டம் புதிய இருப்பிடத்தை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறது என்பதைத்தான். ஏறக்குறைய பத்தாயிரம் தேனீக்கள் கொத்தாகத் தொங்கும்போது, சில நூறு சாரணத் தேனீக்கள் மட்டும் பறந்து இடம் தேடுகின்றன. ஒவ்வொன்றும் தான் கண்ட மரப்பொந்தை நடனத்தால் அறிவிக்கிறது. வேறு பொந்துக்காக ஆடும் தேனீயின்மேல் மற்றொன்று தலையால் முட்டி ஒலியெழுப்பி அதன் ஆட்டத்தை நிறுத்த முயல்கிறது. ஓரிடத்தில் போதுமான எண்ணிக்கையில் சாரணத் தேனீக்கள் கூடிய பிறகே முடிவு பிறக்கிறது.

அதாவது, தேனீக்கள் முதலில் கருத்து வேறுபடுகின்றன. ஒன்று தவறான பொந்தைக் கண்டு மயங்கினாலும், மற்றொன்று வேறிடத்துக்குப் போய்வந்திருப்பதால் கூட்டம் பிழைக்கிறது. ‘புளூரிபஸ்’ காட்டும் மனத்துக்குள் முட்டுவதற்கு ஒருவரும் இல்லை. அங்கே எழும் ஒரு தவறு அந்தக் கணத்திலேயே எல்லாருடைய தவறாகிவிடும்.

2025 டிசம்பர் 6, சனி

நான் எழுதியதற்கு ஆறாம் எபிசோடிலேயே சான்று கிடைத்துவிட்டது. இந்த மனம் எவ்வுயிரையும் கொல்லாது. மரத்திலிருந்து ஓர் ஆப்பிளைக்கூடப் பறிக்காது, தானாக விழுந்ததையே எடுத்துக்கொள்ளும். அதனால் உணவு போதாமல், ஏற்கெனவே இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த புரதத்தைத் தன் உணவில் கலந்து உண்கிறது. அப்படியும் இன்னும் சில ஆண்டுகளில் பட்டினிச்சாவு பெருகும் என்பதை அது அறிந்தே இருக்கிறது. உலகத்து உழவர் அனைவருடைய அறிவும் அதனிடம் உண்டு. ஆனால் ‘நான் பறிக்கிறேன், அந்தப் பழி என்மேல் இருக்கட்டும்’ என்று சொல்ல ஓர் ஆள் அதற்குள் இல்லை. அம்மா இன்று லட்சுமியின் பேச்சை எடுக்கவில்லை.

2025 டிசம்பர் 13, சனி

ஏழாம் எபிசோடில் வசனம் மிகக் குறைவு. ஒருபுறம், தனிமையில் நைந்துபோகும் கேரல், திரும்பி வரச்சொல்லித் தன் வீட்டெதிரே சாலையிலேயே பெரிய எழுத்துகளில் எழுதுகிறாள். மறுபுறம், பராகுவேயிலிருந்து அவளைத் தேடிப் புறப்படும் மனூசோஸ். இணையாத 13 பேரில் அவனும் ஒருவன். கூட்டு மனத்திடமிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்க மறுக்கிறான். உங்களிடம் இருப்பதெல்லாம் திருடியது என்கிறான். கைவிடப்பட்ட வண்டிகளிலிருந்து எரிபொருள் எடுத்தால் அங்கே பணம் வைத்துவிட்டுப் போகிறான். வழிநெடுக ஒலிப்பதிவைக் கேட்டு ஆங்கிலம் பழகுகிறான். அவன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது மூன்றே வாக்கியங்கள்: தன் பெயர், தான் அவர்களில் ஒருவன் அல்ல, தான் உலகைக் காப்பாற்ற விரும்புவது. பனாமா எல்லையிலுள்ள தாரியன் காட்டில் முள்மரத்தில் விழுந்து குற்றுயிராய்க் கிடக்கும்வரை அந்த வாக்கியங்களை அவன் விடவில்லை. மூன்றுமே ‘நான்’, ‘என்’ என்ற சொற்களின்மேல் நிற்பவை.

2025 டிசம்பர் 20, சனி

கேரலுக்குத் துணையாக அனுப்பப்பட்ட சோஷா திரும்பி வந்துவிட்டாள். இருவரும் இப்போது காதலர்கள். எட்டாம் எபிசோடில், இணைவுக்கு முன் சோஷாவாக இருந்த பெண்ணின் பிள்ளைப்பருவத்தைக் கேரல் கேட்கிறாள். போலந்தின் துறைமுக நகரமான கதான்ஸ்கில் கப்பல்களைப் பார்த்தபடி மாம்பழ ஐஸ்கிரீம் தின்ற நினைவைச் சோஷா சொல்லும்போது, ‘நான்’ என்று சொல்லும்படி கேரல் அவளைத் தூண்டுகிறாள். சோஷாவும் சொல்கிறாள்.

இந்த இடத்தை மூன்று முறை திரும்பப் பார்த்தேன். அவளுக்குள் புதைந்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள் என்று நம்ப எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் கேரலை மகிழ்விக்கக் கையெறி குண்டையே கொடுத்த மனத்துக்கு, ஒரு ‘நான்’ எம்மாத்திரம்? சோஷாவாக நடிக்கும் கரோலினா வித்ராவின் முகத்தில் இந்த இரண்டுக்கும் இடமிருக்கிறது. அம்மாவுக்கு ஐயமே இல்லை: “அந்தப் பொண்ணு உள்ள இருக்கா” என்கிறார்.

2025 டிசம்பர் 25, வியாழன்

முதல் பருவம் நேற்று ஒன்பதாம் எபிசோடோடு முடிந்தது. தொடக்கத்தில், பெருவின் மலைக்கிராமத்தில் குசிமாயு என்னும் இளம்பெண் தன் விருப்பத்தோடு இணைகிறாள். அதுவரை அவளைச் சூழ்ந்து பாடிய ஊரார் அந்தக் கணமே பாட்டை நிறுத்தி, தொழுவத்தைத் திறந்துவிட்டுக் கலைந்து போகிறார்கள். ஊர் என்று அங்கே இருந்தது அவள் ஒருத்திக்காக நடத்தப்பட்டது. அவள் வளர்த்த ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மனூசோஸ் ஆல்புகர்க்கி வந்து சேர்கிறான். அவனும் கேரலும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமல் போனை வைத்து மொழிபெயர்த்துச் சண்டையிடுகிறார்கள். கேரல் அவனை விட்டுச் சோஷாவோடு போய்விடுகிறாள். பிறகுதான், தான் எப்போதோ உறைநிலையில் சேமித்துவைத்த கருமுட்டைகளைக் கொண்டு தன்னையும் இணைத்துக்கொள்ளும் வேலை நடந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியவருகிறது. ஹெலிகாப்டரில் ஓர் அணுகுண்டோடு திரும்பி வந்து, நீ வென்றாய், உலகைக் காப்பாற்றுவோம் என்று மனூசோஸிடம் சொல்கிறாள்.

அவனை அவளுக்குப் பிடிக்காது. அவன் செய்யும் எதையும் அவள் ஒப்புக்கொண்டதில்லை. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லை. அவள் சொன்ன அந்த ‘வி’யை அம்மாவுக்குச் சொல்லும்போது நான் படத்தை நிறுத்தவில்லை. ‘நாம்’ என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகே, இந்த ஏழு வாரத்தில் அந்தச் சொல்லை இந்தத் தொடருக்காக நான் எடுத்தது இதுவே முதல் முறை என்பது உறைத்தது.

அம்மா தலையசைத்தார். பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும், அந்த ஆட்டுக்குட்டியை யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று கேட்டார்.