ஒடியலும் பிகாவும்

பெப்ரவரி 6

அம்மம்மா பனங்கிழங்கைக் கிழித்து முற்றத்தில் பாய் விரித்துக் காயப் போட்டிருக்கிறார். காய்ந்தால் அதுதான் ஒடியல். காகம் கலைப்பது என் வேலை. அப்படி இருக்கும்போதுதான் போனில் பிகாவைக் கண்டேன். வட அமெரிக்க மலையொன்றில், கற்குவியலுக்குள் ஓடியது. வாய் நிறையப் புல்லும் பூவும், இரண்டு பக்கமும் மீசைபோல நீட்டிக்கொண்டு. வட்டக் காது, வெளியே தெரியாத வால், 150 கிராம் அளவு எடை.

"உது எலியோ?" என்றார் அம்மம்மா.

"இல்லை அம்மம்மா, முயலின்ர சொந்தம். பனிக்காலத்துக்குச் சாப்பாடு சேர்க்குது."

"கெட்டிக்காரப் பிள்ளை" என்றவர், படம் முடியும் வரை கையிலிருந்த கிழங்கைக் கிழிக்கவில்லை.

பெப்ரவரி 11

அந்த மலைகளில் பல விலங்குகள் பனிக்காலம் முழுக்க உறங்கிவிடும். பிகா உறங்காது. கோடையில் நூற்றுக்கணக்கான தடவை ஓடி ஓடிச் சேர்த்த புல்தான் பனிக்கு அடியில் அதற்குச் சோறு.

என்னைப் பிடித்து இருத்தியது இன்னொரு விஷயம். அவென்ஸ் என்றொரு மலைச்செடி உண்டு. பச்சையாகத் தின்றால் ஆகாது, நச்சுத்தன்மை அதிகம். ஆனாலும் பிகா அதையே நிறைய வெட்டி வைக்கும். அந்த நச்சே சேர்த்து வைத்த புற்போரை அழுகாமல் காக்கிறது. மாதங்கள் போகப் போக அது குறைந்து, செடி தின்னக்கூடியதாகிவிடுகிறது. ஒடியல் மாவை ஊறவிட்டுக் கைப்புப் போக்கித்தான் அம்மம்மா கூழுக்கு எடுப்பார். பிகாவுக்குத் தண்ணீர் வேண்டாம், பொறுத்திருந்தால் போதும். இதை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது!

பெப்ரவரி 12

பிகாக்கள் ஒன்றின் போரிலிருந்து மற்றது களவும் எடுக்குமாம். அதனால்தான் ஒவ்வொன்றும் தன் எல்லையில் நின்று கீச்சென்று கத்துகிறது. எங்கள் பாயில் காகம் நாலு துண்டு கொண்டுபோய்விட்டது.

மார்ச் 30

காலை பத்து மணிக்கே முற்றத்து மணலில் கால் வைக்க முடியவில்லை. பிகாவின் உடல்வெப்பம் 40 பாகை செல்சியஸ் அளவு. அது இன்னும் சில பாகை ஏறினாலே உயிர் போய்விடும். நிழலுக்கு ஒதுங்க வழியில்லாமல் 26, 27 பாகை வெயிலில் அகப்பட்டால் சில மணி நேரம்கூடத் தாங்காது. எங்களுக்கு அது குளிர்ந்த காலை! அதனால் அது நடுப்பகலில் கல்லிடுக்குக் குளிர்ச்சியில் கிடக்கும். பூமி சூடேறச் சூடேற இன்னும் மேலே ஏறலாம். உச்சிக்குப் பிறகு எங்கே போகும்? பனி குறைந்தாலும் கேடுதான், அதற்குப் போர்வையே அந்தப் பனி. நினைக்க நெஞ்சு பதைக்கிறது.

அம்மம்மாவிடம் சொன்னேன். "பாவம், அந்தச் சீவன்" என்று கனநேரம் பேசாமல் இருந்தார். வெயில் தணிந்த பிறகுதான் ஒடியலை அள்ள முற்றத்தில் இறங்கினோம்.